விளக்கும் மலரும் ஒருங்கே படமெடுத்தல்

விளக்கையும் மலரையும் ஒரே படத்தில் அமைத்தல், பார்வைக்கு எளிதாய்த் தோன்றிச் செய்கைக்கு அரிதாய் முடியும் காரியங்களுள் ஒன்றாகும். திருநாட்காலத்தில் மின்விளக்குகளால் அணிசெய்யப்பெற்ற ஒரு பொதுப் பூந்தோட்டத்துள் நாம் நுழையுங்கால், சுடரின் ஒளியையும் அச்சுடரருகே விரிந்த இதழின் நரம்பையும் நம் கண் ஒருங்கே பற்றிக்கொள்கின்றது. சுடரை நோக்கும்போது கண்மணி சுருங்குகின்றது. நிழலை நோக்கும்போது விரிகின்றது. இவ்வாறு தனித்தனியே பெற்றவற்றை மனம் தையல் தெரியாவண்ணம் இணைத்து ஒரே காட்சியாக நமக்கு வழங்குகின்றது. காமிராவுக்கு இவ்வுதவி இல்லை. ஒரு படத்திற்கு ஒரு துவாரம், ஒரு கால அளவு, அவ்வளவே அதற்குரியது. ஆதலின் பெரும்பாலார் கொண்டுவரும் படங்களில், கரிய வெளியில் வெண்புள்ளிகள் சில சிதறிக் கிடக்க, மலர் என்பது பெயரளவிற்கும் இராது. ஒரு தோட்டக்காரர் பல மாதம் உழைத்து மலர்வித்ததைக் காணச் சென்று, கடையில் விலைக்குக் கிடைக்கும் விளக்கை மாத்திரம் படத்தில் கொண்டு திரும்புதல் தகுமோ? தகாது என்பதே எமது துணிபு. அக்குறை நேராமைக்குரிய வழியை இக்கட்டுரைக்கண் ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரு தோட்டத்தைக் கொள்ளுதல் நலம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகரினின்று சுமார் 30 மைல் தொலைவில், கென்னட் ஸ்கொயர் என்னும் ஊரருகே லாங்வுட் தோட்டம் உள்ளது. 1798-ஆம் ஆண்டளவில் பியர்ஸ் என்னும் குடும்பத்துச் சகோதரர் இருவர் அங்கே அரிய மரங்களைத் திரட்டி நடத் தொடங்கினர். நூறாண்டு கழிந்து அம்மரங்கள் வெட்டுமரமாக விலைபோகும் நிலை நேர்ந்தபொழுது, பியர் எஸ். டூபாண்ட் என்னும் தொழிலதிபர் அவற்றைக் காக்கும்பொருட்டே 1906-இல் அந்நிலத்தை வாங்கினார். அவர் எழுப்பிய பெரிய கண்ணாடி மாளிகை 1921-இல் திறக்கப்பெற்றது. இன்று ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையதாய்ப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அத்தோட்டத்தில், ஆண்டுதோறும் நவம்பர் இறுதி தொடங்கி ஜனவரி முற்பகுதி வரை கிறிஸ்மஸ் காட்சி நிகழ்கின்றது. வெளியே நெடுமரங்களில் சுமார் ஐந்து இலக்கம் விளக்குகள். உள்ளே, பனிக்காலத்தின் நடுவே, ஆயிரக்கணக்கான செடிகள் பூத்த நிலை. விளக்கும் மலரும் சந்திப்பதற்கு இதனினும் தக்க இடம் வேறு அரிது.

கிறிஸ்மஸ் மரத்தில் மின்விளக்கு ஏற்றும் வழக்கம் மிகப் பழையதன்று. எடிசனுடைய துணைவர்களுள் ஒருவரான எட்வர்டு எச். ஜான்சன், 1882-இல் நியூயார்க்கில் தம் இல்லத்து மரமொன்றில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 விளக்குகளைக் கோத்து ஏற்றினார். அதற்கு முன்னரெல்லாம் மெழுகுவர்த்தியே. அதனால் நேர்ந்த தீ விபத்துக்களும் பல.

நிற்க. மேற்கூறிய இடர்ப்பாட்டின் அளவைக் கணக்கிட்டு அறிதல் வேண்டும். நிழற்படக் கலையில் ஒளியின் அளவு இருமடங்காதலை ஒரு படி என்பர். பத்துப் படி என்பது 1,024 மடங்கு. பதின்மூன்று படி என்பது 8,192 மடங்கு. இக்காலத்து நல்ல காமிராக்கள் 12 முதல் 14 படி வரை பதிவு செய்யவல்லன. அச்சிட்ட தாளோ 6, 7 படிக்கு மேல் தாங்குவதன்று. விளக்கின் சுடர்முகமும், அதன் ஒளியால் மங்கலாய் விளங்கும் இலையும் தம்முள் பல்லாயிரம் மடங்கு வேறுபடுவன. அன்றியும் ஒளியானது தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையுமாதலின், விளக்கினின்று ஒரு சாண் தொலைவிலுள்ள இதழ் பெறும் ஒளியில் நான்கிலொரு பங்கே இரு சாண் தொலைவிலுள்ள இதழ் பெறும். மூன்று சாணில் ஒன்பதிலொரு பங்கு. நள்ளிருளில் விளக்கையே நம்பிப் படமெடுப்போர், அருகிருந்த ஓரிதழ் வெளுத்துப்போக, ஏனையவை கருகியதுபோலத் தோன்றக் காண்பதற்கு இதுவே காரணம். சிலர் இதற்குப் பரிகாரமாகக் காமிராவின் மின்வெட்டு விளக்கை ஏவுவர். அது நோயினும் கொடிய மருந்து. நேர்முகமாய் வரும் அவ்வொளி மலரைத் தட்டையாக்கித் தொங்கும் தீபங்களின் சாயலையும் துடைத்தெறியும்.

எனின், தீர்வு யாது? இருளுக்கும் பகலுக்கும் நடுவணதாகிய அந்திப்பொழுதே தீர்வு. விளக்கின் ஒளி மாறாது நிற்க, வானத்தின் ஒளி மெல்ல இறங்கி வருகின்றது. அவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே தரத்தில் நிற்கும் சிறுபொழுது ஒன்றுண்டு. அச்சிறுபொழுதில், வானொளி இலைதோறும் இதழ்தோறும் நிழலற்றுப் பரவி மலரின் வடிவைக் காட்டும்; விளக்கொளி அதன்மேல் பொன்முலாம் பூசியதுபோல் படியும். வேறுபாடு காமிராவின் எல்லைக்குள் தானே வந்தமையும். கருவியின் விலை உயர்வு இதற்கு ஈடாகாது.

அச்சிறுபொழுதின் அளவையும் அறியலாம். மேகமில்லா நாளில் சூரியன் மறையும் தறுவாயில் நிலத்தில் விழும் ஒளி சுமார் 400 லக்ஸ். சூரியன் அடிவானத்தின் கீழ் 6 பாகை சென்றபொழுது அது 3 லக்ஸ் அளவாகக் குன்றிவிடுகின்றது. அஃதாவது ஏறத்தாழ ஏழு படி இறக்கம். லாங்வுட்டில் டிசம்பர் நடுப்பகுதியில் சூரியன் மாலை 4 மணி 38 நிமிஷத்தளவில் மறைகின்றது. 6 பாகை இறங்க மேலும் அரைமணி நேரம் ஆகும். எனவே நான்கு நிமிஷத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்திற்கு ஒருமுறை ஒளி பாதியாகின்றது. சூரியன் மறைந்த பதினைந்தாம் நிமிஷம் முதல் முப்பத்தைந்தாம் நிமிஷம் வரை உள்ள பொழுதே நாம் வேண்டும் பொழுது என்று கொள்ளலாம். இருபதே நிமிஷம். அதனுள் எடுக்கத் தக்க படங்கள் ஐந்தாறு இருப்பின் மிகுதி. ஆதலின் நிற்கும் இடத்தையும் மலரையும் பகலிலேயே தெரிந்து வைத்தல் வேண்டும். நம் நாட்டிலோ சூரியன் செங்குத்தாய் இறங்குவதால் அந்தி இன்னும் விரைந்து கழியும். சென்னையில் அதே 6 பாகை இறக்கத்திற்கு 23 நிமிஷமளவே செல்லும். உதகையிலோ பெங்களூர் லால்பாகிலோ இம்முறையைப் பயில விரும்பும் மாணவர் இவ்வேற்றுமையை நினைவிற் கொள்ளுக.

அந்தி வானம் நீலமாய் இருத்தலும் நமக்கு ஓர் உதவியே. சூரியன் மறைந்தபின் உச்சி வானில் தோன்றும் ஆழ்ந்த நீலம், பகல் வானின் நீலத்தைப் போல ஒளிச்சிதறலால் மாத்திரம் விளைவதன்று. சாய்ந்து வரும் கதிர் ஓசோன் படலத்தினூடே நெடுந்தூரம் செல்லுங்கால், அப்படலம் மஞ்சளையும் செம்மஞ்சளையும் விழுங்கி நீலத்தை விடுகின்றது என்பதை ஹல்பர்ட் என்னும் விஞ்ஞானி 1953-இல் எடுத்துக் காட்டினார். கண்ணாடி மாளிகையுள் நிற்போர்க்கு இந்நீலம் ஒரு பெரும்பேறு. முழு இருளில் மாளிகையின் கண்ணாடிகள் கரிய பலகைகளாய்விடும். அன்றேல் உள்விளக்குகளையே திருப்பிக் காட்டும். அந்தியில் அவை நீலத் திரையாய் மலர்களின் பின் நிற்கும். ஆயினும் இங்கு நிறத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை. இழைவிளக்கின் ஒளி 2,700 முதல் 3,000 கெல்வின் நிறவெப்பமுடையது. அந்தி வானமோ 10,000 கெல்வினையும் கடக்கும். காமிராவைத் தானே தீர்மானிக்க விட்டால் அது படத்திற்குப் படம் வேறுபடத் தீர்மானிக்கும். வெண்மைச் சமன் என்னும் அமைப்பை 3,500 அல்லது 4,000 கெல்வினில் நாமே நிறுத்திவிடின், விளக்கு இளஞ்சூட்டோடும் வானம் நீலத்தோடும் விளங்கும். செப்பனிடாத மூலப்பதிவாக வைத்துக்கொள்வோர் இதனைப் பின்னரும் திருத்தலாம்.

இனி மலரிடம் வருவோம். கிறிஸ்மஸ் காலத்துச் செடிகளுள் தலையாயது பாயின்செட்டியா. மெக்சிகோ நாட்டிற்குரிய இதனை, அந்நாட்டிற்கு அமெரிக்காவின் முதல் தூதராய்ச் சென்ற ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் என்பார் 1828-ஆம் ஆண்டளவில் தம் நாட்டிற்கு அனுப்பினார். இது நம் கள்ளியின் இனத்தது. ஒடித்தால் பால் வடியும். நம் மலைநகரங்களின் வீட்டுத் தோட்டங்களிலும் இதனைக் காணலாம். இதன் சிவந்த பகுதிகளை மலரிதழ் என்பது வழக்கு; உண்மையில் அவை நிறம் மாறிய இலைகளே. மலர்கள் அவற்றின் நடுவே மஞ்சளும் பச்சையுமாய்ச் சிறு மணிகள் போல் இருக்கும். படமெடுப்போர் கூர்மையை அச்சிறு மணிகளின்மேல் நிறுத்துதல் வேண்டும். சிவந்த இலை சிறிது மங்கினாலும் கண் பொறுக்கும். நடு மங்கினால் செடியே மங்கியதாகத் தோன்றும்.

இச்செடிக்கும் விளக்கிற்கும் ஒரு பழம்பகை உண்டென்பதையும் இங்கே சொல்லாது செல்ல மனமில்லை. செடிகள் பகலிரவின் நீளத்தை அறிந்து பூக்கின்றன என்பதைக் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1920-இல் வெளியிட்டனர். நீளம் கணிக்கப்படுவது பகலினதன்று, இடையறாத இரவினது என்பது 1938-இல் ஹாம்னர், பானர் என்போரின் ஆராய்ச்சியால் புலனாயிற்று. பாயின்செட்டியா நீண்ட இரவை வேண்டும் செடி. சுமார் 12 மணி நேரத்திற்கு மேற்பட்ட இருள் நாள்தோறும் பல வாரம் கிடைத்தாலன்றி அதன் இலை சிவப்பதில்லை. இடையே ஒரு விளக்கு எரியினும் அச்செடி தன் கணக்கை இழந்து பச்சையாகவே நின்றுவிடும். இதனாலன்றோ வளர்ப்போர் சிலர் மாலையில் கரிய துணியால் செடிகளை மூடுகின்றனர். நிறமேறி முடிந்தபின்னரே அவை விளக்குகளின் நடுவே வைக்கத் தக்கன. ஆகவே சுடர்களின் கீழ் நாம் காணும் அச்சிவப்பு, பல வாரம் விளக்கே காணாதிருந்ததன் பயன்.

அச்சிவப்பைப் படத்தில் காப்பாற்றுதலும் எளிதன்று. நம் கண்ணிலுள்ள உணர்வுநுண்மங்கள் இருவகைய. பகற்பார்வைக்குரியவை 555 நானோமீட்டர் அளவான ஒளியையும், இரவுப்பார்வைக்குரியவை 507 நானோமீட்டர் அளவான ஒளியையும் மிக நன்கு உணர்வன. பின்னவை சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. ஆதலின் பொழுது மங்குந்தோறும் செம்மலர் நம் கண்ணுக்குக் கறுத்தும், நீலமலரும் பச்சிலையும் ஒளிர்ந்தும் தோன்றும். செக் நாட்டு உடலியலறிஞர் புர்க்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதனைக் கண்டு எழுதினார். காமிராவுக்கு இம்மாற்றம் இல்லை. அது கடைசிவரை சிவப்பைச் சிவப்பாகவே வாங்கும். வாங்குவதோடு நில்லாது அளவு கடந்தும் வாங்கும். இழைவிளக்கின் ஒளியே சிவப்பு மிகுந்தது. அது சிவந்த இலையின்மேல் விழும்போது, படத்தின் மூன்று நிறப்பதிவுகளுள் சிவப்பு மாத்திரம் நிரம்பி வழிய, பச்சையும் நீலமும் காலியாய் நிற்கும். மொத்த ஒளியளவு சரியெனக் கருவி காட்டினும், இலையின் நரம்பும் மடிப்பும் அழிந்து சிவப்புத் துணியொன்றைக் கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும். எனவே காமிராவின் அளவுப்படத்தில் சிவப்பைத் தனியே பார்த்து, அது வலப்புற விளிம்பில் மோதாதவாறு ஒரு படியளவு ஒளியைக் குறைத்தல் வேண்டும். வெண்மலர்க்கு இவ்வளவு அச்சமில்லை.

எல்.ஈ.டி. விளக்குகள் வந்தபின் வேறு சில சிக்கல்களும் புகுந்துள்ளன. வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல விளக்கு. அதன் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சள் ஒளியாக மாற்றும் பூச்சினால் வெண்மை பெறுகின்றது. இந்நீல விளக்கை ஆக்கியமைக்காகவே அகசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவர்க்கும் 2014-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நிறமுடைய எல்.ஈ.டி.யோ மிகக் குறுகிய ஒரு நிறத்தையே உமிழ்வது. நீல எல்.ஈ.டி. மாத்திரம் விழுமிடத்தில் செம்மலர் கறுப்பாகவே தோன்றும். திருப்பி அனுப்பச் சிவப்பொளி அங்கு இல்லாமையே காரணம். இத்தகைய இடத்தில் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. வேறு செடியை நாடுக. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. அமெரிக்க மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சியுடையதாதலால், மலிவான விளக்குச்சரங்கள் நொடிக்கு 60 முறையோ 120 முறையோ அணைந்து எரிகின்றன. 1/500 நொடியில் எடுத்தால் சில சரங்கள் அணைந்தனவாகவே பதியும். 1/30 நொடியோ அதனினும் நெடிதோ எடுத்தால் இவ்விடர் இல்லை.

விளக்கின் உருவமும் நம் கையில் உள்ளதே. துவாரத்தைச் சுருக்கி துளை எண் 16-இல் நிறுத்தினால் ஒவ்வொரு சுடரும் கதிர் விரித்த விண்மீனாகும். வில்லையின் துவாரத்தகடுகள் இரட்டைப்படையாயின் கதிர்கள் அவ்வெண்ணிக்கையின, ஒற்றைப்படையாயின் இருமடங்கு. எட்டுத் தகட்டிற்கு எட்டுக் கதிர், ஏழு தகட்டிற்குப் பதினான்கு. இதற்கு மாறாகத் துவாரத்தை முற்றும் திறந்து, அருகிலுள்ள மலரில் கூர்மையை நிறுத்தினால், பின்னுள்ள விளக்குகள் வட்ட வட்டமான ஒளித்தட்டுகளாய் மாறும். எமக்குப் பின்னதே உவப்பு. அழகு மாத்திரமன்று, அதற்கொரு காரணமும் உண்டு. கூர்மையாய் விழும் சுடர் ஒரு புள்ளியில் குவிந்து வெளுத்துப்போகும். தட்டாய் விரியுங்கால் அதே ஒளி பரந்த இடத்தில் பங்கிடப்பட்டு, வெளுக்காமல் தன் உண்மை நிறத்தைக் காட்டும். விண்மீன் கதிர் மரவரிசைக்குத் தகும். மலருக்கு ஒளித்தட்டே தகும்.

லாங்வுட்டின் கண்காட்சி மண்டபத்தில் தாழ்ந்த தளமொன்றில் நீர் பரப்பிவைத்தல் உண்டு. மேலுள்ள விளக்கும் செடியும் அதில் தலைகீழாய்த் தோன்றும். இங்கே மாணவர்க்கு ஓர் ஒளிநூற் பாடம்: நீரில் தோன்றும் விளக்கைப் படமெடுக்க நீரின் மேற்பரப்பில் கூர்மையை நிறுத்துதல் தவறு. விளக்கு நீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவு ஆழத்தில் அதன் பிம்பம் உள்ளதாகக் கொண்டு, அத்தொலைவிற்கே வில்லையைத் திருத்துதல் வேண்டும். நீர்மேல் மிதக்கும் ஓர் இதழும் அதன் கீழ்த் தோன்றும் விளக்கும் ஒருங்கே கூர்மையாய் வேண்டுமெனின், துவாரத்தை வெகுவாகச் சுருக்குவதன்றி வழியில்லை.

சுருக்கினால் காலம் நீளும்; காலம் நீண்டால் கை நடுங்கும். முக்காலித் தாங்கி இருப்பின் நன்று. ஆனால் கூட்டம் மிகுந்த நாட்களில் முக்காலியை விலக்கும் தோட்டங்கள் பல. நடைபாதையில் முதியோரும் குழந்தைகளும் அதன் காலில் தடுக்கி விழுதல் கூடுமாதலின் அவ்விதி நியாயமானதே. விதியை முன்னரே கேட்டறிந்து சென்று, கைப்பிடிச் சுவரிலோ தூணிலோ சாய்ந்து மூச்சை அடக்கி எடுத்தல் நலம். நடுக்கம் தாங்கும் அமைப்புடைய காமிராவாயின் 1/8 நொடியும் கைக்கூடும். பாத்தியுள் கால் வைத்தல் எக்காரணத்தாலும் ஆகாது. உள்ளே காற்றை இயக்கும் விசிறிகள் இருப்பின் ஆர்க்கிட் போன்ற நெடுங்காம்புப் பூக்கள் ஓயாது அசையும். அவை அடங்கும் கணம் நோக்கிக் காத்திருத்தல் வேண்டும். கைப்பேசியால் எடுப்போர்க்கும் இது பொருந்தும். கைப்பேசியின் இரவுமுறை பல படங்களை எடுத்து ஒன்றாக்குவதாதலின் அசைந்த மலரைக் குழைத்துவிடும். அது இரவைப் பகலாக்கவும் முனையும். திரையில் ஒளிக்குறியைக் கீழே இழுத்து இருளை இருளாகவே நிறுத்துவது மேல்.

இறுதியாகப் பனியைக் குறித்து ஒரு சொல். டிசம்பரில் லாங்வுட்டின் வெளிப்புறம் உறைநிலையை அணுகும். கண்ணாடி மாளிகையுள் வெப்பமும் ஈரமும் நிறைந்திருக்கும். குளிர்ந்த காமிராவை உடனே உள்ளே எடுத்து நீட்டினால், நம் நாட்டில் பனிக்கட்டி இட்ட குவளையின் புறத்தே நீர் அரும்புவதுபோல் வில்லை முழுதும் நீராவி படியும். துடைத்தாலும் மீளப் படியும். பையை மூடியபடியே வைத்து, கருவி உள்வெப்பத்தை அடைய அரைமணி நேரம் விட்டுப் பின் திறத்தல் வேண்டும். ஆகவே 4 மணி 55 நிமிஷத்திற்கு முதற்படம் எடுக்க எண்ணுவோர், மரவரிசை விளக்குகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 4 மணி 20 நிமிஷத்திற்குள் மாளிகையுள் புகுந்துவிடுக.